ஆறாவது ஊரில் தீய்ந்த கஷாயம்

சினிமாவில் ஒரு அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு இருமுகிறார் என்றால், அந்த இருமல் பெரும்பாலும் அவளுடையதாகத்தான் இருக்கும். அப்பாவாக நடிப்பவர் வாயைத் திறந்து தோளைக் குலுக்குவதோடு சரி. மிச்ச வேலையை ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்கு முன்னால் நிற்கும் இந்த ஒல்லிப் பெண்மணி பார்த்துக்கொள்வாள். ஆண் இருமல், பெண் இருமல், பீடி இருமல், பனி இருமல், சாகப்போகிற இருமல், சாகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற இருமல் என்று அத்தனையும் அவள் தொண்டையில் ஆளுக்கொரு அறை எடுத்துக் குடியிருந்தன. ஸ்டுடியோவில் அவளை இருமலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை வங்கிக்காரர்களும் தபால்காரரும் மட்டும் பயன்படுத்தினார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே தற்செயல்தான். இளவயதில் ஒரு தோழிக்குத் துணையாக ஸ்டுடியோவுக்கு வந்தவள், மூலையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது புரையேறிவிட்டது. உள்ளே இருந்த டைரக்டர் கதவைத் திறந்து, "யாரும்மா அது? அதையே இன்னொரு தடவ செய்யி," என்றார். அன்றைக்குப் பிடித்தது. தோழி நாலு படம் பேசிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இவள் முப்பது வருஷமாக இருமிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு "ஐயோ!" வேண்டுமா, பிரசவ வலி வேண்டுமா, பக்கத்து வீட்டு அழுகை வேண்டுமா, அவளைக் கூப்பிடு. வசனம் வேண்டுமா? அதற்கு வேறொருத்தி காரில் வருவாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது டீ கொடுத்தவர் பெயர்கூட வரும், இவள் பெயர் வராது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. குறைப்படாதவர்களுக்கு இந்த உலகம் ஒன்றும் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவளுக்குத் தலை நரைத்த பிறகு ஒரு வசனப் பாத்திரம் வந்தது. சினிமாவில் இல்லை, ஒரு வீடியோ கேமில்.

பல நூறு வருஷத்துக்கு முந்தைய காலத்தில் நடக்கிற கேம் அது. போர் ஒரு பக்கம், கொள்ளைநோய் ஒரு பக்கம். விளையாடுகிறவன் ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை, சாதாரண வண்டிக்காரன். கம்பெனிக்காரர்கள் மார்தட்டிக்கொண்டது ஒரே விஷயத்துக்காக: எல்லாம் நிஜம் மாதிரி இருக்கும். மந்திரக்கோல் கிடையாது. ஒரு மடக்குக் குடித்ததும் காயம் மறைகிற பச்சைத் தண்ணீர் கிடையாது. காய்ச்சல் வந்தால் மூலிகைக்காரியைத் தேடிப் போக வேண்டும். அவள் மருந்து பலித்தாலும் பலிக்கும், பலிக்காமலும் போகும். நோய் போகிற வழியே நடந்து போகிறவள் அவள். மொத்தம் ஏழு ஊர். ஏழிலும் விளையாடுகிறவன் அவளைச் சந்திப்பான். அந்த மூலிகைக்காரியின் குரல்தான் இருமலக்காவுக்கு வந்தது. கூடவே நோயாளிகளின் இருமல் எல்லாமும். அது சொல்லாமலே வந்த வேலை.

டைரக்டர் ஒரு இளம்பெண். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். சுறுசுறுப்பு, நல்ல மனசு, தூக்கம் போதாத கண்கள். முதல் நாள் அவள் உட்காரவைத்துச் சொன்னாள்:

"அக்கா, அந்தக் காலத்துல கடிகாரம் கிடையாது. கஷாயம் எவ்ளோ நேரம் கொதிக்கணும்னு எப்படித் தெரியும்? ஒரு பாட்டு வச்சிருப்பாங்க. அத மூணு தடவ சொல்லி முடிச்சதும் பானைய இறக்கிடணும். கொறஞ்சா மருந்து இல்ல. கூடினா விஷம்."

"ஆக, வாய்தான் கடிகாரம்ங்கற."

"அதேதான்! நீங்க பாட்டு சொல்வீங்க, ஆடறவன் பானைய கையில புடிச்சிட்டு உக்காந்திருப்பான். நீங்க முடிச்சதும் இறக்கணும். அதனால பாட்ட வெட்டி ஒட்டமாட்டேன். ஒரே மூச்சா சொல்லணும்."

பாட்டு ஒன்றும் கஷ்டமானது இல்லை.

*வேரே வேரே, மண்ணை விடு.*
*தண்ணீரே தண்ணீரே, வேரைத் தொடு.*
*தீயே தீயே, மெல்ல எரி.*
*நோயே நோயே, வந்தவழி திரி.*

இப்படியே இன்னும் கொஞ்சம் போய், கடைசியில் மறுபடி அதே 'திரி'யில் வந்து முடியும். ஊருக்கு ஊர் வேரின் பெயர் மட்டும் மாறும். கதை எழுதுகிறவர்கள் ஒரு ஊரை எழுதி முடித்ததும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து அந்த ஊருக்கான வசனங்களையும் பாட்டையும் சொல்லிவிட்டுப் போவாள். மாதம் ஒரு ஊர், சில சமயம் அதுவும் இழுக்கும்.

முதல் ஊரை முடித்த அன்று டைரக்டர் பெண் தன் கணினியில் ஒன்றைக் காட்டினாள். கேம் முடிந்ததும் திரையில் ஓடப்போகிற பெயர்கள். 'மூலிகைக்காரி' என்று போட்டு, அதற்கு நேரே வங்கிக்காரர்களுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரிந்த அந்தப் பெயர் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எழுத்துப் பிழை எதுவும் இல்லியேக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இல்லம்மா," என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இடம் மாறிக்கொண்டார்.

அதன் பிறகு எந்த மாதத்தில் என்று தெளிவாகச் சொல்ல முடியாது. மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஸ்டுடியோ மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் சாமான் ஏற்றுவதற்கு மட்டும், ஆள் ஏறினால் வாட்ச்மேன் சண்டைக்கு வருவார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் 'தீ விபத்து நேர்ந்தால்' என்று ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அவள் அங்கே நின்று அதை வாசிப்பாள். முதலில் இரண்டு வரி வாசித்தால் மூச்சு திரும்பிவிடும். பிறகு பாதிப் பலகை தேவைப்பட்டது. கடைசியில் முழுப் பலகையையும் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைக்க முடிந்தது. அந்தக் கட்டடம் தீப்பிடித்திருந்தால் அத்தனை பேரையும் அவளே காப்பாற்றியிருப்பாள்.

வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. அதை மறைக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை, அதுதான் கொடுமை. டீ குடிக்கும் இடத்தில் இருமினால், "என்னக்கா, ரிகர்சலா?" என்பார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினால், "அடடா, இது புதுசா இருக்கே, இத விட்டுடாதீங்க," என்பார்கள். புலி வருது புலி வருது என்று சொன்னவனாவது விளையாட்டுக்குச் சொன்னான். இவள் பிழைப்புக்காகச் சொன்னவள். நிஜப் புலி வந்து பக்கத்தில் படுத்த பிறகும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கேட்பதற்குக் கணவன் இருந்தான், காது இல்லை. லேத் பட்டறையில் ஆயுசில் பாதியை இரும்பு சீவியே கழித்தவன். அந்தச் சத்தம் அவன் காதைத் தின்றுவிட்டது. மகள் வாங்கி அனுப்பிய காதுக் கருவி மேசை டிராயரில் தூங்கியது. "அத மாட்டினா எல்லாரும் பேசறது கேக்குது," என்பது அவன் புகார். மகளுக்கு வேறு ஊரில் வீடு, வேலை, இரண்டு பிள்ளைகள். போனில் பேசும்போது இவள் குரலை மாற்றிக்கொள்வாள். அதுதானே அவள் தொழில்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. குரல் கட்டி, தொண்டையில் கட்டி என்று போன எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அவர்கள் பாத்திரம் இன்னொருத்தி வாயில் இருக்கும். அதிலும் இது ஒரே ஆள் ஏழு ஊரிலும் வருகிற பாத்திரம். ஒரு ஊரில் குரல் மாறினால் ஏழிலும் மாற்ற வேண்டும். முப்பது வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை வந்த பெயர். அது திரையில் ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் யாரும் தட்டைப் பார்க்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

ஒரு ஆள் பார்த்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்கிறவன். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத ஆள். எல்லோரும் அவனைக் காது என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் பேனா விழுந்தால், நீல மூடியா கறுப்பு மூடியா என்று சொல்லிவிடுவான் என்று ஒரு கேலி உண்டு. அவள் பேசிவிட்டுப் போன பிறகு அவன் உட்கார்ந்து சுத்தம் செய்வான். நாக்கில் எச்சில் ஒட்டும் சத்தம், நாற்காலி முனகும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம், எல்லாவற்றையும் துடைத்துவிடுவான். ஆனால் துடைத்த இடத்தை மூடமாட்டான். மூடினால் பேச்சு ஓடுவது போல ஆகிவிடும். "சத்தத்த எடு, எடத்த விடு," என்பான். அவன் துடைத்தால் துடைத்த அடையாளமே தெரியாது. அவ்வளவு நல்ல வேலைக்காரன்.

ஆறாவது ஊர் முடிந்த சமயத்தில் புகார் வந்தது. ஒரு கேமை வெளியிடுவதற்கு முன்னால் நாள் முழுக்க விளையாடிக் குறை கண்டுபிடிக்கவே ஒரு கூட்டம் சம்பளம் வாங்கும். அவர்கள் சொன்னார்கள்: முதல் மூன்று ஊரில் கஷாயம் சரியாக வருகிறது. நாலாவது ஊரில் லேசாக அடிப்பிடிக்கிறது. ஆறாவது ஊரில் பாட்டு முடிகிற வரை காத்திருந்து இறக்கினால் தீய்ந்தே போகிறது. நோயாளி குடித்துவிட்டுச் செத்துப்போகிறான்.

தீக்கான நிரலை எழுதிய பையன்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விறகைக் குறைத்தார்கள், காற்றை நிறுத்தினார்கள், பானையைத் தடிமனாக்கினார்கள். கஷாயம் தீய்ந்துகொண்டேதான் இருந்தது. டைரக்டர் பெண் இதை இருமலக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க மூலிகைக்காரிக்குக் கைராசி போயிடுச்சுக்கா. ஆறாவது ஊர்ல ஒருத்தனும் பொழைக்கல." இவளும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மறுநாள் மதியம் காது அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான்.

"உக்காருங்கக்கா. ஒண்ணு காட்டணும்."

திரையில் ஆறு பட்டைகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஊரின் பாட்டு. எல்லாம் இடதுபக்கம் ஒரே இடத்தில் ஆரம்பித்தன. வலதுபக்கம் மட்டும் ஒன்றைவிட ஒன்று நீண்டு, கவிழ்த்துப் போட்ட படிக்கட்டு மாதிரி இறங்கின.

"தீயோட கணக்கு மொத ஊர்ல நீங்க சொன்ன வேகத்துக்கு வச்சது. தீ சரியாத்தான் எரியுது. பாட்டுதான் நீண்டுகிட்டே போகுது."

"வயசாகுதுல்ல தம்பி."

"எட்டு மாசத்துல எவ்ளோ வயசாகும்? வார்த்தையெல்லாம் அதே நீளம்தான். அளந்து பாத்துட்டேன். வார்த்தைக்கு நடுவுல இருக்கற எடம்தான் பெருசாகுது." அவன் கொஞ்சம் தயங்கினான். "அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நான் தொடைக்கறதுக்கு முன்னாடி?"

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டான். 'தீயே தீயே' என்றது அவள் குரல். அதன் பிறகு ஒரு சத்தம் வந்தது. மரக்கதவு ஒன்றை யாரோ கஷ்டப்பட்டு இழுத்துத் திறப்பது போல, அதன் அடியில் மெல்லிய விசிலோடு. பிறகு 'மெல்ல எரி'. மறுபடியும் கதவு. மறுபடியும் விசில்.

"யாரு தம்பி இது?" என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள்.

"நீங்கதாங்கா. மூணாவது ஊர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் இது இருந்துச்சு. நான்தான் தொடைச்சேன். எவ்ளோ சுத்தமா வந்திருக்குன்னு எனக்கே பெரும வேற. இது ஏன் வருதுன்னு ஒரு தடவகூட தோணலக்கா எனக்கு." அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி திரையைப் பார்த்தாள்.

"சரி. அந்த எடத்தச் சுருக்கிடு. முடியும்ல?"

"முடியும். டீ ஆறறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"அப்பச் செய்யேன். ஒரே ஒரு ஊர்தான் பாக்கி. அதையும் சுருக்கிடு. யாருக்கும் தெரியவேணாம்."

"டாக்டரப் பாத்துட்டு வாங்க. வந்து சொன்னீங்கன்னா செய்றேன்."

"மெரட்டறியா?"

"ஆமாக்கா," என்றான் காது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவன் கூடத்தில் மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்றால் கத்த வேண்டும். கத்த மூச்சு வேண்டும். மூச்சு இருந்தால் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காதே. "எனக்கு..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். அதுவும் நின்றது.

அவன் நிமிர்ந்தான். "என்ன, சொல்ல வந்தத முழுங்கிட்ட?"

அவள் அவனுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்து, கிரீஸோடு, தன் முதுகில் வைத்தாள். காது கேட்காமல் போன பிறகு பட்டறையில் அவன் அப்படித்தான் வேலை பார்த்தான். ஓடுகிற மெஷினின் உடம்பில் உள்ளங்கையை வைப்பான், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். அவன் கை முதலில் சும்மா கிடந்தது. பிறகு மெல்ல அழுந்தியது. கொஞ்சம் கீழே போனது. இடப்பக்கம் போய் அங்கேயே நின்றது.

"மூச்ச இழு," என்றான்.

இழுத்தாள்.

"விடு. இன்னொரு தடவ." அவன் குரல் மாறியிருந்தது. "பேரிங் போயிருக்குடி. எத்தன நாளா ஓடுது இப்படி?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவளுடைய வசனம். மூலிகைக்காரி ஒவ்வொரு ஊரிலும் நோயாளியின் முதுகில் காதை வைத்துக் கேட்பது அதைத்தான்: "மூச்ச இழு. விடு. எத்தன நாளா இப்படி?" எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பாள்! இரக்கத்தோடு சொல்லிப் பார்த்தாள், அதட்டலாகச் சொல்லிப் பார்த்தாள். "இரக்கம் கம்மி பண்ணுங்கக்கா, அவ களைச்சுப் போயிருக்கா," என்று டைரக்டர் பெண் திருத்தினாள். ஆனால் அவளிடம் யாரும் கேட்டதில்லை. இப்போதுதான், கையில் கிரீஸோடு ஒரு செவிட்டு மனுஷன் கேட்டான்.

ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போனான், டிராயரில் இருந்த கருவியை மாட்டிக்கொண்டு. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். டாக்டரம்மா அமைதியானவள். அவளும் அதையேதான் கேட்டாள்.

"நாலாவது ஊர்லேர்ந்து," என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"எந்த ஊர்?"

"இல்ல... கொஞ்ச மாசமா."

நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறதாம். தோல் வறண்டு இறுகுவது போல உள்ளே நடக்கிறதாம். "போனது போனதுதாம்மா, அத மீட்க முடியாது. இருக்கறதப் பத்திரமா வச்சுக்கலாம். இப்பவாவது வந்தீங்களே. மாத்திரை சாப்பிடணும், படி ஏறக்கூடாது, கத்தக்கூடாது, மூச்சப் புடிச்சுப் பாடறது எதுவும் வேணாம்." கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கருவியில் பாட்டரி போட மறந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகும் அவள் ஏழாவது ஊருக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். சொல்வது சுலபம். தன் பெயரை வாழ்நாளில் ஒரு தடவைகூட எங்கேயும் பார்க்காதவர்கள் வந்து சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். டாக்டரைப் பார்த்தாயிற்று என்று காதிடம் சொன்னாள். என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு மைக்கைச் சரிசெய்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் பெண்ணும் காதும். இந்தப் பக்கம் அவளும் மைக்கும். விளக்கு சிவப்பானது.

முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் 'வேரே வேரே' என்றாள், 'மண்ணை' என்றாள். அதற்கு மேல் காற்று இல்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கதவை இழுத்தாள், திறக்கவில்லை. இன்னும் இழுத்தாள். ஒரு விசில் வந்தது. 'விடு' என்பது அந்த விசிலோடு விசிலாக வெளியே விழுந்தது.

கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர் பெண் நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"அக்கா! சூப்பர்க்கா! அந்தத் திணறல் இருக்கே, புல்லரிச்சுடுச்சு! கடைசி ஊர், அவளுக்கே நோய் வந்துடுச்சு, அதான? அப்படியே வச்சுக்கலாம். நிறுத்தாதீங்க!"

காது எழுந்து நின்றுவிட்டான். அவன் கை பொத்தான் மேல் இருந்தது, அழுத்தவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

சும்மா இருந்திருந்தால் போதும். பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெயர் திரையில் ஏறியிருக்கும். ஆனால் முப்பது வருஷத்துக் களைப்பு அந்த நொடியில் மொத்தமாக வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. இதையும் நடிப்பு என்று விட்டுவிட்டால், இனி எதைச் சொன்னால் நம்புவார்கள்?

"இது நடிப்பு இல்லம்மா," என்றாள்.

டைரக்டர் பெண் சிரித்தாள். பிறகு காதின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போனது.

அவள் கெட்ட பெண் இல்லை. விஷயம் தெரிந்ததும் உள்ளே ஓடிவந்து இருமலக்காவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அழுதாள், "சாரிக்கா, சாரிக்கா," என்றாள். அழுதுகொண்டே தன் வேலையையும் பார்த்தாள். ஏழாவது ஊர் இல்லாமல் கேம் இல்லை. ஒரே மூலிகைக்காரிக்கு இரண்டு குரல் இருக்க முடியாது. ஆகவே எல்லா ஊரையும் இன்னொருத்தி புதிதாகப் பேச வேண்டும். "எனக்கு வேற வழி தெரியலக்கா."

"எனக்கும் தெரியலம்மா. நீ அழாத. எனக்கு இப்ப யாரையும் தேத்தறதுக்குத் தெம்பு இல்ல."

"இருமல் மட்டும் ஒங்களோடதயே வச்சுக்கறேன்க்கா. அது யாராலயும் முடியாது."

அதற்கு நன்றி சொல்வதா, ஓங்கி ஒரு அறை விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் முன்னாலேயே சாமான் லிஃப்டில் இறங்கினாள். அவர் சண்டைக்கு வரவில்லை.

கேமின் வேலை முடிகிற நேரத்தில் காது போன் செய்தான். "ஒரு தடவ வந்து பாருங்கக்கா." அவள் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். கடைசியில் கணவன்தான், "போய்த்தான் பாரேன், ஒன்ன யாரு தின்னுடப் போறா," என்று அனுப்பிவைத்தான். வழியெல்லாம் அந்தப் புதுக் குரல்காரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனாள். எங்கே சொதப்பியிருப்பாள் என்று ஒவ்வொரு இடமாக யோசித்து வைத்திருந்தாள்.

காதின் அறையில் அவள் நாற்காலிக்கு ஒரு தலையணை போட்டிருந்தது. திரையில் மழை. குடிசைக்குள் வைக்கோல் மேல் ஒருவன் படுத்திருந்தான். இருமினான். எது நடித்த இருமல், எது தானாக வந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

"இது அன்னிக்கு டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி வந்தது."

"ஆமாக்கா. மைக் ஓடிட்டிருந்துச்சு. இத நான் தொடைக்கல."

திரையில் மூலிகைக்காரி குனிந்து வந்தாள். ஈரத் துணியை உதறினாள். அவன் முதுகில் காதை வைத்தாள். "மூச்ச இழு," என்றது ஒரு புதுக் குரல். "விடு. எத்தன நாளா இப்படி?" இருமலக்கா தவறு கண்டுபிடிக்கக் காத்திருந்தாள். கிடைக்கவில்லை. அந்தப் பெண் இரக்கத்தைக் குறைத்துத்தான் பேசியிருந்தாள். களைத்துப்போனவள் மாதிரியே இருந்தது. அந்த முதுகில் யாரோ காதை வைத்துவிட்டார்கள் என்பதே இவளுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது.

பானை அடுப்பில் ஏறியது. 'வேரே வேரே' என்று ஆரம்பித்தாள் அவள். இவள் உதடும் தன்னையறியாமல் கூடவே அசைந்தது. முதல் சுற்று சேர்ந்தே போனார்கள். இரண்டாவது சுற்றின் நடுவில் இவள் பின்தங்கினாள். அந்தக் குரல் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. இவள் வாயை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டாள். கடைசி 'திரி'யில் காது பானையை இறக்கினான். கஷாயம் தீயவில்லை. படுத்திருந்தவன் குடித்தான். இருமல் குறைந்தது, பிறகு நின்றது.

"பொழச்சுட்டானா?"

"இவன் பொழப்பான். ஆறாவது ஊர்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கு மட்டும் என்ன குடுத்தாலும் பாதிக்குப் பாதிதான்."

அவன் கடைசியில் வரும் பெயர்களை ஓடவிட்டான். மூலிகைக்காரிக்கு நேரே வேறு யாரோ ஒருத்தியின் பெயர் வந்தது. அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். "இருங்கக்கா," என்றான். கொஞ்சம் கீழே 'நோயாளிகள்' என்று வந்தது. அதற்கு நேரே ஒரே ஒரு பெயர்தான். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

"ஏன் தம்பி, ஏழு ஊருக்கும் நோயாளி நான் ஒருத்திதானா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி அவளை முன்னால் மடக்கியது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காது வெடுக்கென்று திரும்பினான்.

"அக்கா, இது நெஜமா?"

"நெஜம்தான் தம்பி," என்றாள் மூச்சு திரும்பியதும். "தண்ணி குடு."